எந்தச் சர்க்கரை நோய்?

1920ஆம் ஆண்டில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அறுவை மருத்துவம் பயின்றுகொண்டிருந்தார் ராபர்ட் டேனியல் லாரன்ஸ். காதுக்குப் பின்புறமுள்ள எலும்பை உளியால் செதுக்கிப் பழகும்போது ஒரு சில்லு அவர் கண்ணில் தெறித்தது. கண் சீழ்பிடித்தது. அதற்காகச் செய்த பரிசோதனையில்தான் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இன்சுலின் அப்போது கிடையாது. அந்த நோய் வந்த இளைஞர்கள் சில ஆண்டுகளில் இறந்துபோனார்கள். லாரன்ஸும் சாவை எதிர்பார்த்தபடியே இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் மருத்துவம் பார்த்துவந்தார். 1923இல் லண்டனுக்கு இன்சுலின் வந்துவிட்டது என்ற சேதி கிடைத்ததும் திரும்பிவந்து ஊசி போட்டுக்கொண்டார். 1968 வரை வாழ்ந்தார். அந்த நீண்ட வாழ்நாளில் அவர் செய்த இரண்டு காரியங்கள் இந்த அத்தியாயத்துக்கு முக்கியமானவை. 1934இல் தம்மிடம் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸுடன் சேர்ந்து, நீரிழிவு உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1951இல் ஜோசப் போர்ன்ஸ்டைனுடன் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நீரிழிவு உள்ள சிலரின் ரத்தத்தில் இன்சுலின் அறவே இல்லை, வேறு சிலரின் ரத்தத்தில் இருக்கிறது, ஆகவே இவை இரண்டு வேறு நோய்கள் என்று அது காட்டியது. முதலாவது சமூகப் பணி, இரண்டாவது ஆய்வுக்கூட வேலை என்று இவற்றைப் பிரித்து வைப்பது வழக்கம். இரண்டும் ஒரே சிகிச்சையின் இரு பாதிகள் என்பதே என் வாதம். தனக்கு எந்த நீரிழிவு என்று சரியாகத் தெரியாதவருக்கு மருந்தும் சரியாக அமையாது, தோழமையும் சரியாக அமையாது.

ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது ஓர் அறிகுறி மட்டுமே. அதற்குப் பின்னால் வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் சொந்த நோயெதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுவது டைப் 1. இன்சுலின் சுரந்தும் தசையும் கல்லீரலும் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காமல், நாளடைவில் சுரப்பும் குறைந்துவருவது டைப் 2. 1936இலேயே ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் இந்த வேறுபாட்டை லண்டனில் சோதித்துக் காட்டினார். இன்சுலினும் குளுக்கோஸும் ஒருசேரக் கொடுத்தபோது சிலருக்குச் சர்க்கரை அடங்கியது, சிலருக்கு அடங்கவில்லை. ஆனால் மருத்துவ வழக்கம் நெடுங்காலம் வயதை வைத்தே வகைபிரித்தது: இளம்பருவத்தில் வருவது ஒன்று, முதிர்ந்த வயதில் வருவது இன்னொன்று. 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் குழு, நோயின் காரணத்தை வைத்தே வகைப்படுத்த வேண்டும் என்று அறிவித்தது. புத்தகங்கள் மாறின. முப்பது, நாற்பது வயதைத் தாண்டியவர் சர்க்கரை அதிகம் என்று வந்தால் யோசிக்காமல் டைப் 2 என்று எழுதிவிடும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

அந்த வழக்கம் எவ்வளவு பிழையானது என்பதை இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். யுகே பயோபேங்க் என்ற பெரிய தரவுத்தொகுப்பில் உள்ளவர்களின் மரபணுக்களைக் கொண்டு, அறுபது வயதுவரை டைப் 1 யாருக்கு எப்போது வந்தது என்று 2018இல் ஆராய்ந்தார்கள். டைப் 1 வந்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு அது முப்பது வயதுக்குப் பிறகே வந்திருந்தது. குழந்தைகளின் நோய் என்று நாம் நினைத்திருந்ததில் ஏறக்குறைய பாதி, பெரியவர்களின் நோய். ஆனால் முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் நீரிழிவு கண்ட எல்லோரையும் எடுத்துக்கொண்டால், டைப் 1 அதில் 4 சதவீதம்தான். மருத்துவரின் பார்வையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு முறை சரியாக வரும் ஊகம் இது. அதனால்தான் அதைக் கைவிடுவது கடினமாக இருக்கிறது. மீதி நான்கு பேரின் நிலை என்ன என்பதை அதே குழு 2019இல் சொன்னது. முப்பது வயதுக்குப் பிறகு டைப் 1 வந்தவர்களில் 38 சதவீதம் பேருக்குத் தொடக்கத்தில் இன்சுலின் தரப்படவில்லை. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர், பல ஆண்டுகள் கழித்தும் தமக்கு டைப் 2 என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனின் உள்துறை அமைச்சராக இருந்தபோது தெரசா மே அவர்களுக்கு 2012இல் டைப் 2 என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வேலை செய்யாததால் மீண்டும் சோதித்து, 2013இல் டைப் 1 என்று திருத்தினார்கள். அப்போது அவருக்கு வயது 56. எடை குறைந்ததை அவர் வேலைப்பளுவின் விளைவு என்று எண்ணியிருந்தார். நல்ல மருத்துவ வசதி எட்டும் தூரத்தில் இருந்த ஒருவருக்கே இப்படியென்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசரமாக மருத்துவரைப் பார்த்துவரும் ஒருவருக்கு இந்தத் திருத்தம் எப்போது நடக்கும்?

வகை எதுவாக இருந்தால் என்ன, சர்க்கரை அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமாகத் தோன்றும் கேள்விதான். இன்சுலின் தேவைப்படும்போது எப்படியும் கொடுத்துவிடுவோம் என்பது அதன் உட்பொருள். ஆனால் இன்சுலின் அறவே இல்லாத உடல் கொழுப்பைக் கரைத்து எரிக்கத் தொடங்குகிறது. அதனால் கீட்டோன் என்ற அமிலப்பொருள்கள் ரத்தத்தில் சேர்கின்றன. வாந்தி, வயிற்றுவலி, ஆழமான மூச்சு, பிறகு மயக்கம். இது சில நாட்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. சர்க்கரையைச் சிறுநீர்வழி வெளியேற்றும் புதிய மாத்திரைகள் டைப் 2க்கு மிக நல்லவை. இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கின்றன. அவற்றையே டைப் 1 என்று அறியப்படாத ஒருவருக்குக் கொடுத்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் ஏறலாம். சர்க்கரையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு ஆபத்தே தெரியாது. 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துகளைப் பற்றி எச்சரித்ததும் இதனால்தான்.

பிழை எதிர்த்திசையிலும் நடக்கிறது. பிறந்த ஆறு மாதத்துக்குள் நீரிழிவு வந்த குழந்தைகளை டைப் 1 என்றே எண்ணி ஆயுள் முழுக்க ஊசி போட்டுவந்தார்கள். அவர்களில் பலருக்கு, பீட்டா செல்லின் பொட்டாசியம் வாயிலை உருவாக்கும் ஒரே ஒரு மரபணுவில்தான் பிழை என்று 2004இல் தெரிந்தது. அந்த வாயிலை மூடவைக்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை பல பத்தாண்டுகளாக மருந்துக்கடையில் மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. 2006இல் வெளியான ஆய்வில், அந்த மாத்திரைக்கு மாற்றப்பட்ட 49 பேரில் 44 பேரால் இன்சுலினை நிறுத்த முடிந்தது. ஊசியோடு வளர்ந்தவர்கள் ஊசியிலிருந்து விடுபட்டார்கள். மருந்து புதிதல்ல, நோயின் பெயர்தான் திருத்தப்பட்டது. இப்படி ஒற்றை மரபணுவால் வரும் வேறு நீரிழிவுகளும் உண்டு. அவற்றில் ஒருவகைக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. இந்தக் குடும்பங்களைக் கண்டறியும் மரபணு ஆய்வு சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்துவருகிறது என்பது நமக்கு ஆறுதலான செய்தி.

தமிழ்நாட்டில் வகைபிரிப்பது ஐரோப்பாவைவிடச் சிக்கலானது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். நம்மவர்களுக்கு டைப் 2, இளவயதிலேயே, பெரிய பருமன் இல்லாமலே வந்துவிடுகிறது. ஆகவே ஒல்லியாக இருந்தால் டைப் 1, பருமனாக இருந்தால் டைப் 2 என்ற வெளிநாட்டுக் கணக்கு இங்கே இருபுறமும் தவறும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கணையத்தில் சுண்ணாம்புக் கற்கள் படிந்து வரும் நீரிழிவு நீண்டகாலமாகவே அறியப்பட்டது. திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலியை விசாரித்து ஒரு ஸ்கேன் எடுத்தாலே பல நேரம் அது புலப்பட்டுவிடும். இன்னொன்று, சிறுவயதிலிருந்தே போதிய ஊட்டமின்றி வளர்ந்தவர்களுக்கு வரும் நீரிழிவு. 1985இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தனிவகையாகச் சேர்த்தது, 1999இல் போதிய சான்று இல்லை என்று நீக்கியது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. மிக ஒல்லியான இந்த நோயாளிகளிடம் இன்சுலின் சுரப்பு குறைவு, ஆனால் டைப் 1இல் போல முற்றாக இல்லாமல் போவதில்லை, டைப் 2இல் போல உடல் இன்சுலினுக்கு மசியாமலும் இல்லை என்று அது காட்டியது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு டைப் 5 என்று பெயரிட்டது. எல்லா நிபுணர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் ஏழை ஒருவரை டைப் 1 என்று தவறாக எண்ணி முழு அளவு இன்சுலின் கொடுத்தால், வீட்டில் போதிய சோறும் இல்லாதபோது சர்க்கரை தாழ்ந்து அவர் மயங்கி விழக்கூடும். இந்த விவாதம் ஒரு மனிதரின் இரவுணவோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

அப்படியானால் எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்துவிடலாமா? கூடாது. முக்கியமான சோதனைகள் இரண்டு. பீட்டா செல்லைத் தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடும் ஜிஏடி போன்ற சோதனைகள் ஒன்று. மற்றது சி-பெப்டைட் சோதனை. இன்சுலின் உருவாகும்போது அதனுடன் சம அளவில் வெட்டுண்டு ரத்தத்தில் சேரும் துண்டுதான் சி-பெப்டைட். வெளியிலிருந்து போடும் ஊசியில் அது இல்லாததால், உடல் சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். நீரிழிவு கண்ட ஆயிரம் பெரியவர்களில் 40 பேருக்கு டைப் 1 என்றும், எதிர்ப்பொருள் சோதனை அவர்களில் 30 பேரைப் பிடிக்கும் என்றும், டைப் 1 இல்லாத நூறு பேரில் ஒருவரைத் தவறாகக் குறிக்கும் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மீதி 960 பேரில் ஏறக்குறைய பத்துப்பேர் வீணாகக் குறிக்கப்படுவார்கள். நான்கு பேருக்கு டைப் 1 என்று சொன்னால் அதில் ஒருவருக்குப் பொய். சோதனை நல்லதாக இருந்தும் கேட்கக்கூடாத இடத்தில் கேட்டதால் வந்த பிழை அது. சந்தேகத்துக்கு இடமுள்ளவர்களிடம் மட்டும் கேட்டால் அதே சோதனை நம்பகமாகிவிடும். இளவயது, காரணமில்லாத எடையிழப்பு, தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மாத்திரைக்கு அடங்காமல் விரைவில் இன்சுலின் தேவைப்படுவது ஆகியவையே அந்தச் சந்தேகக் குறிகள். எக்ஸிடர் ஆய்வில், மாத்திரையில் தொடங்கி மூன்றாண்டுக்குள் இன்சுலினுக்கு வந்தவர்களில் 47 சதவீதம் பேரிடம் சொந்தச் சுரப்பு கிட்டத்தட்ட வற்றியிருந்தது. இரண்டில் ஒருவர்! இந்த ஒரு குறிப்பை மட்டும் ஒவ்வொரு மருத்துவமனையும் கடைப்பிடித்தால் எத்தனையோ பேரின் வகை திருந்திவிடும்.

இந்தச் சோதனைகளுக்கும் குறைகள் உண்டு. எதிர்ப்பொருள் இல்லாத டைப் 1 நோயாளிகள் இந்தியாவில் ஐரோப்பாவைவிட அதிகமாகவே காணப்படுகிறார்கள். ஆகவே எதிர்ப்பொருள் இல்லை என்ற முடிவு டைப் 1ஐ விலக்கிவிடாது. நோய் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் சி-பெப்டைட் ஓரளவு இருக்கலாம். மூன்றாண்டு கழித்து எடுத்தால்தான் படம் தெளிவாகும். செலவாகுமே என்ற ஆட்சேபம் உண்மையானதுதான். ஆனால் இவை வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ செய்பவை. தவறான மருந்தும் ஒரே ஒருமுறை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்வதும் அதைவிடப் பன்மடங்கு விலைகொண்டவை. நோய் இருக்கிறதா என்ற அடிப்படைச் சோதனையும் இங்கே கவனம் கேட்கிறது. மூன்றுமாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 6.5க்குச் சற்று மேலே வந்த ஒரே ஒரு எண்ணை வைத்து ஒரு பெண்ணை நோயாளி என்று முத்திரை குத்தும் முன், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்த்தாக வேண்டும்.

நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவர் ஒருவரின் வேலை மட்டுமல்ல என்பதை இத்தாலியின் பார்மா மாகாணம் காட்டியது. அங்கே டைப் 1 வந்த குழந்தைகளில் 78 சதவீதம் பேர் கீட்டோன் ஏறிய ஆபத்தான நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1991 முதல் பள்ளிகளில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். படுக்கையை நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கினால், ஓயாமல் தண்ணீர் குடித்தால் உடனே சோதியுங்கள் என்பதே அதன் செய்தி. அடுத்த ஆறாண்டுகளில் அந்த விகிதம் 12.5 சதவீதமாக இறங்கியது. ஆசிரியருக்கும் தாய்க்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்த ஒரு விஷயம் பல குழந்தைகளை அந்த ஆபத்திலிருந்து காத்தது.

இதே அறிவு நோய் கண்டவர்களுக்கிடையில் கைமாறும்போதுதான் அதைச் சக நோயாளர் துணை என்கிறோம். அதன் பயனைப் பற்றிய சான்றுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதை மறைக்கக்கூடாது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 244 பேரிடம் மிஷெல் ஹைஸ்லர் குழு நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. அவர்களில் ஒரு பாதியினரை இருவர் இருவராக இணைத்து வாரந்தோறும் தொலைபேசியில் பேசவைத்தார்கள், மறு பாதிக்குச் செவிலியர் உதவி. ஆறு மாதத்தில் இணைந்து பேசியவர்களின் எச்பிஏ1சி சராசரி 0.29 குறைந்தது, மற்றவர்களுக்கு அதே அளவு கூடியது. முதல் பிரிவில் எட்டுப்பேர் புதிதாக இன்சுலின் தொடங்கினார்கள், இரண்டாம் பிரிவில் ஒருவர்தான். ஊசி என்றாலே பின்வாங்கும் மனத்தை, ஊசி போட்டுக்கொண்டு நலமாக இருக்கும் இன்னொருவரின் பேச்சு மாற்றியிருக்க வேண்டும் என்றே நான் இதைப் படிக்கிறேன். மறுபுறம், 2011இல் அயர்லாந்தில் 395 பேரிடம் நடந்த ஆய்வில் குழுக்கூட்டங்களால் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நீரிழிவு வரும் அபாயமுள்ள 1,007 பேரிடம் நடந்த திட்டத்திலும் இதே கதை. ஊர்க்காரர்களே வழிநடத்திய குழுக்களில் இரண்டாண்டில் 14.9 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, குழு இல்லாத பகுதிகளில் 17.1 சதவீதம். இந்த இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது.

எனவே துணைக்குழுக்கள் வீண் என்று முடிவுகட்டுவது அவசரம். ஹாங்காங்கில் 628 பேரிடம் நடந்த ஆய்வு இந்த முரணுக்கு ஒரு திறவுகோல் தருகிறது. மொத்தமாகப் பார்த்தால் அங்கேயும் சர்க்கரை அளவில் வேறுபாடில்லை. ஆனால் மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்திருந்த ஐந்தில் ஒரு பங்கினர், சக நோயாளர் துணை கிடைத்தபோது மனம் தேறினார்கள், மருத்துவமனையில் சேர்வதும் குறைந்தது. ஏற்கெனவே ஓரளவு கட்டுக்குள் இருப்பவருக்குக் கூட்டம் எதையும் கூட்டிக்கொடுக்காது. தனிமையில் தவிப்பவருக்கு, புதிய மருந்துக்கு அஞ்சுபவருக்கு அது மருந்துக்கு நிகராக வேலை செய்கிறது. யாருக்கு என்ற கேள்வியைக் கேட்காமல் சராசரியைப் பார்ப்பது, வகை கேட்காமல் சர்க்கரையைப் பார்க்கும் அதே தவறுதான்.

இங்கேதான் என் வாதத்தின் இரு முனைகளும் சேர்கின்றன. டைப் 1 உள்ள ஒருவர் டைப் 2 என்று எழுதப்பட்டு, டைப் 2 உள்ளவர்களின் நடுவே போய் அமர்கிறார் என்று எண்ணிப்பாருங்கள். நடைப்பயிற்சியால் எனக்குக் குறைந்தது, அரிசியைக் குறைத்ததும் இறங்கிவிட்டது என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள். அவை உண்மையான அனுபவங்கள். ஆனால் அவருக்கு எதைச் செய்தும் குறையாது. சோற்றை இன்னும் குறைப்பார், இன்னும் மெலிவார். வாயைக் கட்டவில்லை என்று வீட்டார் குறைசொல்வார்கள், கடைசியில் அவரே தம்மை நொந்துகொள்வார். செய்யாத குற்றத்துக்கு ஒருவர் இத்தனை நாள் தண்டனை அனுபவிப்பதை எந்தக் குழுவின் அன்பும் ஈடுசெய்யாது. வகை சரியாகத் தெரிந்துவிட்டால் அவருக்கு வேண்டிய துணையே வேறு. இரவில் சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது, வெயில்காலத்தில் பயணத்தில் இன்சுலினை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது, பெண்பார்க்க வருபவர்களிடம் நோயை எப்போது சொல்வது என்பவற்றை அதே ஊசியோடு வாழ்பவரால்தான் சொல்ல முடியும். அதேசமயம், என்னைப்போல் நீங்கள் இல்லையே, இன்னொருமுறை சோதித்துப் பாருங்கள் என்று முதலில் கண்டுகொள்வதும் பல வருட அனுபவமுள்ள ஒரு சக நோயாளியாக இருக்கலாம். மருத்துவர் சில நிமிடங்கள் பார்ப்பதை அவர் ஒரு மாலைப்பொழுது முழுக்கக் கேட்கிறார்.

இத்தகைய குழுக்களில் பாகற்காய்ச் சாறும், சர்க்கரையை வேரறுக்கும் பொடியும், இன்சுலினை நிறுத்துங்கள் என்ற அறிவுரையும் பரவுகின்றன என்பது மிகக் கனமான ஆட்சேபம். அதை நான் முழுதாக ஏற்கிறேன். டைப் 1 உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிராபத்து. ஆனால் அந்த அறிவுரை குழு இல்லாத இடத்திலும் உறவினர் வழியாக, கைபேசி வழியாக வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு எதிராக நிற்க வல்லது, ஒரு மருத்துவமனையோடு அல்லது பயிற்சி பெற்ற செவிலியரோடு தொடர்பறாத, வகைவாரியாகப் பிரிந்த, மருந்தை மாற்றச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை என்ற விதியைக் கொண்ட குழுதான். லாரன்ஸ் தொடங்கிய சங்கத்தில் அவர் நோயாளியாகவும் மருத்துவராகவும் ஒருசேர இருந்தார். எல்லாக் குழுவுக்கும் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார். குறைந்தபட்சம், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் மருத்துவர் ஒருவராவது வேண்டும்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ சர்க்கரை நோய் இருந்தால், அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். இது எந்த வகை? அதை எதை வைத்து முடிவு செய்தீர்கள்? எந்த மாற்றம் தெரிந்தால் அந்த முடிவை மறுபடி பார்ப்பீர்கள்? மாத்திரை எடுத்தும் எடை குறைந்துகொண்டே போனால், மூன்றாண்டுக்குள் இன்சுலின் வேண்டிவந்தால், சி-பெப்டைட் பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள். பிறகு உங்கள் வகை நோயோடு பல ஆண்டுகள் நலமாக வாழும் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். இவற்றைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.